அன்னூர் கண்காட்சி: இடமிருந்து மூன்றாவது ஆள்

சின்ன ஊர்களில் இருக்கும் அருங்காட்சியகங்களைத் தேடிப் போவது என் வழக்கம். அன்னூருக்கு வெளியே பழைய பஞ்சு குடோன் ஒன்றில் கிணறு, பாசனம் பற்றிய படக் கண்காட்சி நடப்பதாகக் கேள்விப்பட்டு, போன மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். எங்களோடு கோவையில் இருக்கும் என் மாமியார் மாராத்தாளும் வருகிறேன் என்றார். அவர் பிறந்தது அந்தப் பக்கம்தான்.

காந்திபுரத்தில் எட்டு மணிக்கு டவுன் பஸ். முப்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். பெண்களுக்கு இலவசம் என்பதால் அத்தைக்கு டிக்கெட் கிடையாது, எனக்கு இருபத்தைந்து ரூபாய். அன்னூரிலிருந்து ஆட்டோவுக்கு நூறு. நுழைவுக் கட்டணம் ஆளுக்கு ஐம்பது. (சில்லறை கொண்டுபோங்கள்.)

கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றச் சால், கமலைக் கயிறு எல்லாம் பார்த்துக்கொண்டே போனோம். கடைசிச் சுவரில் ஒரு பெரிய படத்தின் முன்னால் அத்தை நின்றுவிட்டார். கிணறு வெட்டும்போது எடுத்தது. நடுவில் தோட்டக்காரர், அதாவது நிலத்துச் சொந்தக்காரர், நாற்காலியில் உட்கார்ந்திருக்க, இருபுறமும் கடப்பாரையோடு எட்டுப் பேர். கீழே தோட்டக்காரர் பெயர் மட்டும் இருந்தது. அடுத்து, ‘உடன் வேலையாட்கள்’.

இடமிருந்து மூன்றாவது ஆளைக் காட்டி, “எங்கய்யனுங்க மாப்ள” என்றார் அத்தை.

அவருக்கு ஒன்பது வயதாகும்போது காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவர் அவர் அப்பா. வீட்டில் ஒரு படம்கூட இல்லை. நான் யோசிக்காமல் போனை எடுத்தேன்.

“அண்ணா, படம் எடுக்கக் கூடாதுங்க” என்று ஒரு குரல். கண்காட்சி நடத்தும் குடும்பத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். நாற்காலியில் இருப்பவர் அவருடைய தாத்தாவாம். விஷயத்தைச் சொன்னேன். மரியாதையாகத்தான் கேட்டார், ஆனால் முகம் இறுகிவிட்டது. இந்தப் படத்தை வெளியே விடத் தன் அப்பா சம்மதிக்க மாட்டார், அதுவுமில்லாமல் இவர்தான் என்று எப்படிச் சொல்வது என்றார்.

அய்யனுக்கு இடது காது மடல் பாதிதான் இருக்கும், மாடு முட்டிக் கிழிந்தது என்றார் அத்தை. இளைஞர் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். படத்தில் இருந்தவரின் தலைக்கட்டு இரண்டு காதையும் மூடியிருந்தது.

பின்னால் நின்ற இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திவிட்டன. போய்விடலாம் என்று அத்தையின் கையைத் தொட்டேன். அவர் நகரவில்லை. அத்தையை யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

“ஏனுங்க தம்பி, உங்கப்பாகிட்ட ரங்கன் மகள் வந்திருக்கான்னு மட்டும் சொல்லுங்க” என்றார் அத்தை.

இளைஞர் தயங்கித் தயங்கி அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டு, படத்தில் இருப்பது தன் அப்பா ரங்கன் என்று ஒரு அம்மா சொல்வதாக மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் அவர் அப்பாவின் குரல் உடனே உயர்ந்தது.

“ரங்கனா? காது அறுந்தவந்தானே? எனக்கு நீச்சல் பழக்குனது அவந்தான். அந்தப் புள்ள கையில படத்தக் குடுடா.”

இளைஞர் யாரையும் பார்க்காமல் ஸ்டூல் போட்டு ஏறி, படத்தைக் கழற்றினார். உள்ளே கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கும் என்று அவரே வாசலுக்குத் தூக்கி வந்து, படியில் உட்கார்ந்த அத்தையின் மடியில் வைத்தார். அய்யனை மட்டும் பெரிதாக எடுக்கலாமென்று நான் கிட்டப் போனேன்.

“என்னையும் சேத்தி எடுங்க மாப்ள” என்று முந்தானையைச் சரிசெய்தார் அத்தை.

திரும்பும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். இதுவரை எத்தனையோ கண்காட்சிகளில் இப்படிப்பட்ட படங்களைப் பார்த்திருக்கிறேன். பெயர் போட்டவரைப் படித்துவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்திருக்கிறேன்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், தகரக் கூரை, மதியம் கொதிக்கும். பக்கத்தில் சாப்பாட்டுக் கடை கிடையாது. படம் எடுக்க முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். படத்தின் கீழே பெயர் சேர்ப்பதாக அந்த இளைஞர் சொல்லியிருக்கிறார். கடைசிச் சுவர், இடமிருந்து மூன்றாவது ஆள், பெயர் ரங்கன். ஒட்டியிருக்கிறார்களா என்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அத்தை தினமும் கேட்கிறார்.