ஒரு ரூபாய் பாக்கி

என் கல்யாணச் செலவை நானே கட்டினேன். கட்டி முடிக்க ஒன்பது வருஷம் ஆனது.

கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில் நடந்தது. அதற்கு அவர்கள் தறி முதலாளியிடம் எண்ணூற்று ஐம்பது ரூபாய் வாங்கியிருந்தார்கள். பந்தல், மேளம், சாப்பாடு, என் கழுத்துத் தாலி, நான் கட்டிய கூறைப்புடவை எல்லாம் அதில் அடக்கம். மறு வாரமே நான் ராட்டினத்தில் நூல் சுற்ற உட்கார்ந்தேன். என்னைக் கொண்டுவந்த செலவுக்குத்தான் வேலை செய்கிறேன் என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் மேளத்தையாவது வேண்டாம் என்றிருப்பேன்.

இது அறுபதுகளின் கடைசியில். திருத்தணியில் மலைப்படிக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. வீட்டுக்குள் தறி. தறி போக மிச்ச இடத்தில் நாங்கள். பாவு முதலாளி கொடுப்பார். பாவு என்றால் தறியில் நீளமாக ஓடும் நூல். அதை வாங்கிவந்து லுங்கி நெய்து கொடுத்தால் கூலி. வாரத்துக்குப் பதினாறு லுங்கி. ஒன்றுக்கு ஒன்றே முக்கால் ரூபாய். ஆக இருபத்தெட்டு ரூபாய். அதில் கடனுக்குக் கொஞ்சம் பிடிப்பார். கறை பட்டது, இழை விட்டது என்று இன்னும் கொஞ்சம் பிடிப்பார். மீதியை நாங்கள் பிடிப்போம்.

கடனுக்கு வட்டி கிடையாது. மணவூரிலிருந்து என் நைனா வந்தபோது இதைக் கேட்டுப் பூரித்துப்போனார்.

"வட்டியில்லாத கடனா? மகராசன்! அவரை விட்டுறாதீங்க."

எங்களுக்கும் விடுவதாக உத்தேசம் இல்லை. விடவும் முடியாது. பாக்கி இருக்கிற நெசவாளிக்கு இன்னொரு முதலாளி பாவு தரமாட்டார். அது முதலாளிகளுக்குள் ஒரு மரியாதை. வட்டிக்குப் பதிலாக நாங்கள் இருந்தோம்.

தெருக்கோடியில் இன்னொரு முதலாளி லுங்கிக்கு நாலணா கூடக் கொடுத்தார். பதினாறு லுங்கிக்கு நாலு ரூபாய். வாரம் நாலு ரூபாய் என்றால் இரண்டு பிள்ளைகளுக்கும் ராத்திரியில் கூழுக்குப் பதிலாகச் சோறு. அந்த நாலு ரூபாய் எனக்கு வேண்டும். அதற்குப் பாக்கி தீரவேண்டும். ஒன்பது வருஷமும் என் மண்டையில் இருந்தது இவ்வளவுதான். பெரிதாக ஒன்றும் இல்லை.

முதல் நாலு வருஷம் சனிக்கிழமை கணக்குக்கு என் வீட்டுக்காரர்தான் போனார். அவர் அஞ்சாவது வரை படித்தவர். நான் மூணாவது. நாலு வருஷத்தில் எண்ணூற்று ஐம்பதை எழுநூற்று எண்பதாக்கி வந்தார். கடன் அடையவில்லையா என்றால் அடைந்தது. இருநூற்றைம்பது அடைத்தார், நூற்றெண்பது வாங்கினார். ஆடிக்கு வாங்கிக்கோ, தீபாவளிக்கு வாங்கிக்கோ என்று முதலாளி நீட்டுவார். நீட்டிய கையைத் தட்டக்கூடாதாம்.

"பெரிய மனுசன் குடுக்கறாரு. வாணான்னா மனசு நோவாதா?" என்றார்.

"அவரு மனசு நோவாம இருக்க எம்மாம் செலவு ஆவுது பாருங்க" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை முதல் நான் போனேன்.

முதலாளி மின்விசிறிக்கு அடியில் பாய் போட்டு உட்கார்ந்திருப்பார். லுங்கியை விரித்துப் பார்ப்பார். கறை இல்லாத இடத்தில் கறையைக் கண்டுபிடிப்பார். நல்ல கண்.

"இன்னாம்மா, அவன் வரலியா?"

"ஒடம்பு சரியில்லீங்க முதலாளி."

"மூணு வாரமாவா?"

"ஆங். நெய்யறதுக்கு மட்டும் நல்லாகீது."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு லுங்கிக்கு அரை ரூபாய் பிடித்தார்.

"ஆடி வருது. ஒரு நூறு எழுதிக்கட்டா?"

"வாணாங்க. வாரம் மூணு ரூபா பிடிச்சுக்கோங்க."

"மூணா? புள்ளைங்களுக்கு இன்னா போடுவே?"

"இப்ப போடறதத்தான்."

பிள்ளைகள் மேல் அவருக்கு அக்கறை அதிகம். கூலி கேட்டால் மட்டும் அது கொஞ்சம் குறையும்.

வீட்டில் நான் செய்ததைச் சிக்கனம் என்று சொன்னால் அது பெரிய வார்த்தை. அரிசியை ஒரு வேளையாக்கினேன். மண்ணெண்ணெயை விளக்குக்கு மட்டும் வைத்தேன். மூன்று கல்யாணங்களுக்குப் போகவில்லை. நாங்கள் வராததை அவர்களும் கவனிக்கவில்லை. வீட்டுக்காரரின் பீடியைக் கட்டாக வாங்காமல் எண்ணி வாங்கினேன். நாளைக்கு ஆறு.

"முருகன் கூட இப்டி எண்ண மாட்டான்மே" என்றார்.

"அவருக்கு உண்டியல் கீது. எனக்கு இன்னா கீது?"

அவர் ஆறாவது பீடியைப் பற்றவைத்தார். ஏழாவது கேட்கவில்லை.

இதையெல்லாம் சமாளிக்கலாம். ஆடிக்கிருத்திகையைச் சமாளிக்க முடியாது. மலையடியில் வீடு இருந்தால் முருகன் காப்பாற்றுவான் என்பார்கள். உறவுக்காரர்களும் வந்து தங்குவார்கள் என்பதைச் சொல்லமாட்டார்கள். நகரியிலிருந்து என் நாத்தனார் வருவார், காவடியும் கையுமாக. கூடப் பத்துப் பேர். மூன்று நாள் இருப்பார்கள். பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, போகும்போது பிள்ளைகள் கையில் ஆளுக்குப் பத்துப் பைசா வைப்பார்கள். அந்த மூன்று நாளில் மூன்று மாதம் கட்டியது போய்விடும்.

ஒரு வருஷம் அவர்கள் வந்து காவடியை இறக்கியதும் சொன்னேன்.

"அண்ணி, எங்க வீட்ல கிருத்திகைக்கு அடுப்பு பத்த வைக்கறதில்ல. வேண்டுதல்."

நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ சாமி! மூணு நாளுமா? இன்னா வேண்டிகினே?"

"வெளிய சொன்னா பலிக்காது அண்ணி."

எல்லாரும் சத்திரத்து அன்னதானத்துக்குப் போனார்கள். நாங்களும் போனோம். பிள்ளைகள் மூன்று நாளும் புளியோதரை சாப்பிட்டார்கள். வேண்டுதல் நன்றாக இருக்கிறது, மாசாமாசம் வேண்டிக்கொள் என்றார்கள். வீட்டுக்காரர் மட்டும் பயந்தார். சாமி பேரில் பொய் சொல்லிவிட்டேனாம். வேண்டிக்கொண்டது நிஜம்தான் என்றேன். அடுப்பைப் பற்றித்தான் சாமியிடம் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் பதினேழு பேர் வந்தார்கள். விரத வீட்டில் தங்கினால் புண்ணியமாம். தங்கட்டும். தண்ணீர்தானே செலவு.

இப்படியாக ஒன்பதாவது வருஷம் ஒரு சனிக்கிழமை, முதலாளியின் பேரேட்டில் அறுபத்து மூன்று ரூபாய் நின்றது. கையில் அறுபத்து மூன்று இருந்தது. வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்பது வருஷம் ஒரு வேலை செய்து முடித்தால் பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

முதலாளி எண்ணினார். இரண்டாம் தடவையும் எண்ணினார். அப்புறம் ஒரு ரூபாய் நோட்டை மட்டும் எடுத்து என் பக்கம் தள்ளினார். பேரேட்டில் ஏதோ எழுதி மூடினார்.

"சரியாத்தானே கீது முதலாளி?"

"சரியாகீது. ஒரு ரூபா நிக்கட்டும்."

"ஏங்க?"

"கணக்க வழிச்சித் தொடைக்கக் கூடாதும்மா. லட்சுமி போயிடுவா. எங்கப்பா காலத்துலருந்து இப்டித்தான். ஒரு ரூபா நின்னா ஒறவு நிக்கும்."

வீட்டுக்காரர் கை கூப்பினார். வழியெல்லாம் அதைத்தான் சொல்லிவந்தார்.

"எம்மாம் பெரிய மனசு பாத்தியா? ஒரு ரூபாய விட்டுட்டாரு."

"விடல. வெச்சிருக்காரு" என்றேன்.

திங்கட்கிழமை தெருக்கோடி முதலாளியிடம் போனோம்.

"அங்க கணக்கு முடிஞ்சிதா?" என்றார்.

"ஒரு ரூபா நிக்குதுங்க" என்றார் என் வீட்டுக்காரர். பொய் சொல்ல வராது. அது ஒரு குறை.

"அப்ப முடியல."

"எண்ணூத்தம்பது முடிஞ்சிதுங்க. ஒண்ணுதான்" என்றேன்.

"ஒண்ணோ நூறோ, பாக்கி பாக்கிதாம்மா. அவரு ஆளை நான் இஸ்துகினேன்னு நாளைக்குப் பேச்சு வரும்."

ஆக, ஒரு ரூபாய்க்கு நாங்கள் அவருடைய ஆள். எண்ணூற்று ஐம்பதுக்கும் அதே ஆள்தான். விலை இறங்கியதுதான் மிச்சம்.

அந்த ஒரு ரூபாயைக் கொடுக்க நான் பட்ட பாட்டை எண்ணூற்று நாற்பத்தொன்பதுக்கும் படவில்லை. பாயில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமை கூலியோடு சேர்ந்து திரும்பி வந்தது. அவர் வீட்டம்மாவிடம் கொடுத்தேன். அந்த அம்மா வெற்றிலை பாக்கு, பூ, குங்குமத்தோடு அதே ரூபாயை என் மடியில் வைத்தார். வெற்றிலையோடு வந்ததை எப்படி மறுப்பது? கூலியில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். கறைக்குப் பிடித்தார். இழைக்குப் பிடித்தார். பாக்கிக்கு மட்டும் பிடிக்க மனம் வரவில்லை.

"இன்னாத்துக்கு இப்டிப் பறக்கறே? நம்ம வூட்டுப் பொண்ணு மாதிரி நீ. வேணும்னா ஒரு இருநூறு வாங்கிக்கோ. அந்த ரூபாகூடச் சேத்துடலாம்."

ஒரு வருஷம் போனது. வாரம் நாலு ரூபாய் வீதம் அந்த ஒரு ரூபாய்க்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கட்டியிருந்தேன். வட்டியில்லாத கடன்.

அப்போது முதலாளி மகளுக்குக் கல்யாணம் வந்தது. மலையடியில் பெரிய மண்டபம், மைக் செட், அவரிடம் நெய்கிற அத்தனை பேருக்கும் பத்திரிகை. மற்ற முதலாளிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தெருக்கோடி முதலாளியும் இருந்தார். ஓரத்தில் மேசை போட்டு ஒரு வாத்தியார் மொய் எழுதினார். ஒவ்வொன்றாக எழுதி, மைக்கில் படிப்பார். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று ஊருக்குத் தெரிய வேண்டுமே.

என்னிடம் பன்னிரண்டு ரூபாய் இருந்தது. பேர் கேட்டார்கள். புருஷன் பேரை நான் சொல்லமாட்டேன். பக்கத்தில் நின்று அவரே சொன்னார். அதன் பிறகு நடந்ததில் அவருக்குப் பங்கில்லை.

"பன்னெண்டா?" என்றார் வாத்தியார்.

"இல்லீங்க சார். மொய் பதினொண்ணு."

"மீதி ஒண்ணு கீதேம்மா."

"அது வேற. தனியா எழுதுங்க. தறி பாக்கி ஒண்ணு."

வாத்தியார் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். அவருக்கு என்ன? எழுதச் சொன்னதை எழுதினார். எழுதினதைப் படித்தார்.

"மொய் ரூபாய் பதினொன்று. தறி பாக்கி வரவு ரூபாய் ஒன்று. கணக்கு தீர்ந்தது."

கணக்கு தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. அவராகச் சேர்த்துக்கொண்டார். தொகை எழுதினால் கீழே கோடு போட்டுத்தான் வாத்தியார்களுக்குப் பழக்கம்.

முன்வரிசை திரும்பிப் பார்த்தது. சம்பந்தி வீட்டார் ஏதோ கேட்டார்கள். முதலாளி சந்தனக் கையோடு வந்தார்.

"இன்னாம்மா இது? கல்யாண வூட்ல?"

"மங்கலமான எடமாச்சேன்னு குடுத்தேன் முதலாளி."

அவர் மொய் நோட்டைப் பார்த்தார். மகள் கல்யாணத்து மொய் நோட்டு. மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டது. அதில் ஒரு வரியை அடிக்க முடியாது. வந்த காசைத் திருப்பவும் முடியாது, அபசகுனம். லட்சுமிக்குப் பயந்த மனிதர். நின்றார். சம்பந்தி பார்க்கிறார் என்று சிரித்தார்.

"நம்ம பொண்ணுதான். வெளையாட்டு ஜாஸ்தி." அப்புறம் என்னிடம், "சாப்ட்டுப் போ."

சாப்பிட்டேன். பாயசம் இரண்டு தடவை. என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

"மானம் போச்சி" என்றார்.

"யாருது?" என்றேன்.

யோசித்துப் பார்த்துவிட்டு அப்பளத்தை மட்டும் சாப்பிட்டார்.

தறியில் இருந்த பாவை முடித்துக் கொடுத்தோம். புதுப் பாவு முதலாளி தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தெருக்கோடிக்குப் போனோம்.

"மைக்ல கேட்டேன்" என்றார் அந்த முதலாளி. புதுப் பக்கம் புரட்டினார். "முன்பணம் எவ்ளோ வேணும்?"

"வாணாங்க. பாவு போதும்."

பேனாவைக் கீழே வைத்தார்.

"முன்பணம் வாங்காம எப்டிம்மா உங்கள நம்பறது? நாலு பேரு மாதிரி வாங்கினாத்தானே எனக்கும் ஒரு தைரியம். நாளைக்கு வேற எடத்துக்குப் போயிடுவீங்களே."

"கூலி கொறஞ்சா போவோங்க."

"அதத்தான் சொல்றேன்."

இரண்டு வாரம் பாவு தரவில்லை. பத்து வருஷம் கடனோடு இருந்தபோது தறி ஒரு நாள் நிற்கவில்லை. கடன் தீர்ந்ததும் நின்றது. கடன் தீர்ந்த வீடு எப்படி இருக்கும் என்று அப்போது பார்த்தேன். தறியில் பாவு இல்லாததால் இடம் கொஞ்சம் அகலமாகத் தெரிந்தது. இரண்டு வேளையும் கேழ்வரகுக் கூழ்.

வீட்டுக்காரர் மூன்றாம் நாள் ஆரம்பித்தார்.

"ஒரு அம்பது வாங்கினா இன்னா? அம்பதுதானே."

நான் கூழைக் கரைத்தேன்.

"இருவது?"

கரைத்தேன்.

"ஒரு ரூபா?" என்றார். பிறகு அவரே வாயை மூடிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் அந்த முதலாளிக்குத் தீபாவளிச் சரக்கு நெருக்கியது. தறி போதவில்லை. ஆள் அனுப்பிப் பாவு கொடுத்தார். எங்கள் பக்கத்தில் முன்பணம் என்று எழுதி, அதற்கு நேரே ஒரு கோடு இழுத்தார். அவர் கை அதை எழுதப் பழகாத கை. கோடு வளைந்து போனது.

அந்தச் சனிக்கிழமை முப்பத்திரண்டு ரூபாய் வந்தது. ஒரு பைசா பிடிப்பு இல்லை. இதற்குள் அரிசிக்காரர் விலையை ஏற்றியிருந்தார். கூட வந்த நாலு ரூபாயில் மூன்றேகால் அவருக்குப் போனது. பிள்ளைகள் ராத்திரி சோறு சாப்பிட்டார்கள். முக்கால் ரூபாய் மீந்தது. அதை யாருக்கும் தரவேண்டியதில்லை. கையில் வைத்து இரண்டு தடவை எண்ணினேன்.

வீட்டுக்காரர் டீக்குக் காசு கேட்டார். கொடுத்தேன்.