பின்கட்டில் ஈயம் காய்ச்சிய நாட்கள்

என் மகளுக்கு வயிற்றுவலி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்த அந்த வருடம் நான் பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சந்தேகப்பட்டேன். அதற்கு முன் பள்ளிக்கூடத்துத் தண்ணீரைச் சந்தேகப்பட்டிருந்தேன். சாயப்பட்டறைத் தண்ணீர் இறங்காத ஆழ்குழாய் எங்கள் பக்கத்தில் இல்லை என்பதால் அது நியாயமான சந்தேகம்தான். பக்கத்து வீட்டுப் பெண்மேல் கொண்டதற்கு எந்த நியாயமும் இல்லை. அவள் ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் கருப்பட்டி மிட்டாய் வாங்கிவந்து என் மகளுக்குக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

அப்போது நாங்கள் வேலம்பாளையத்தில் ஐந்து வீடுகள் கொண்ட வரிசையில் கடைசி வீட்டில் குடியிருந்தோம். கடைசி வீடு என்பதால் சமையலறைக்குப் பின்னால் எங்களுக்கு மட்டும் ஒரு துண்டு இடம் உண்டு. மூன்று பக்கம் சுவர், மேலே தகரம். அங்கேதான் நான் ஈயம் காய்ச்சினேன்.

பன்னிரண்டு வருடம் ஒரு நிட்டிங் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவன் நான். வேதியியல் பட்டதாரி. பஞ்சுத் தூசியில் இருமி இருமிச் சலித்துப்போய், சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று வேலையை விட்டேன். மின்வெட்டு கடுமையாக இருந்த காலம். வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கினார்கள். செத்த பேட்டரிகள் பழைய இரும்புக் கடைகளில் மலைபோலக் குவிந்தன. வீரபாண்டிப் பக்கம் கடை வைத்திருந்த ஒருவர் எனக்குத் தூரத்துச் சொந்தம். அவர்தான் வழி காட்டினார். பேட்டரியை உடைத்து, ஆசிட்டை வடித்து, உள்ளே இருக்கும் தகடுகளை மூட்டை கட்டித் தருவார். பழைய குழாய், கேபிள் உறை, உடைந்த கார்புரேட்டர், குழாய்த் திருகு என்று ஈயமும் துத்தநாகமுமாகப் பல சாமான்கள் அதோடு வரும். நான் உருக்கி, பிரித்து, கட்டிகளாக ஊற்றித் தரவேண்டும். ஈயக்கட்டியைத் தாராபுரத்துக்காரர் ஒருவர் மீன்வலைக் குண்டு செய்ய எடுத்துக்கொள்வார். துத்தநாகம் கோயம்புத்தூர் பட்டறைகளுக்குப் போகும்.

ஈயம் சீக்கிரம் உருகிவிடும். துத்தநாகத்துக்கு இன்னும் சூடு வேண்டும். அதுவரை அது ஈயத்தின்மேல் மிதக்கும். மிதப்பதைக் கரண்டியால் அள்ளித் தனியே போட வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஈயத்தோடு கலந்துவிடும். கலந்த கட்டி மேலே சொரசொரப்பாக இருக்கும். தாராபுரத்துக்காரர் நகத்தால் கீறிப் பார்த்தே திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆகவே ஒவ்வொரு சாமானையும் தட்டிப் பார்த்து, சுரண்டிப் பார்த்து, ஒடித்துப் பார்த்துத்தான் சட்டியில் போடுவேன்.

"ஏனுங் மாப்ள, மூட்டைய இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க, பொண்ணு பாக்க வந்தவனாட்ட?" என்பார் கடைக்காரர்.

"போன மூட்டையில ஜிங்க் ரொம்பக் கலந்திருந்துச்சுங்க மாமா."

"கலந்தாப் பிரிச்சுக்குங்க. அதுக்குத்தான உங்கப்பா உங்களக் காலேஜுக்கு அனுப்புனாரு?"

அவரைச் சந்தேகப்பட்டேன். தாராபுரத்துக்காரரைச் சந்தேகப்பட்டேன். தெருவில் நோட்டுப் புத்தகத்தோடு யார் வந்தாலும் சந்தேகப்பட்டேன். சாயப்பட்டறைகளுக்கு அதிகாரிகள் சீல் வைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஒருநாள் மதியம் இரண்டு பேர் வாசல் வாசலாக நின்று எதையோ எழுதிக்கொண்டே வந்தார்கள். நான் கொதிக்கும் சட்டியைத் தார்ப்பாயால் மூடப்போய், தார்ப்பாய் பற்றிக்கொண்டது. அவர்கள் கொசுப்புழு இருக்கிறதா என்று தொட்டியைப் பார்க்க வந்தவர்கள்.

மதியம்தான் என் வேலை நேரம். மனைவி பனியன் கம்பெனியில் பவர்டேபிள் மிஷினில் தைக்கப் போயிருப்பாள். வரிசையில் எல்லோருமே கம்பெனிக்குப் போயிருப்பார்கள். யாராவது புகையைப் பற்றிக் கேட்டால் கரி அடுப்பு என்று சொல்லும்படி மனைவியிடம் சொல்லி வைத்திருந்தேன். பனியன் துணியை இரண்டு மடிப்பாக மடித்து மூக்கில் கட்டிக்கொள்வேன். கம்பெனியில் பஞ்சுக்குக் கட்டியதும் அதே துணிதான். நாலு மணிக்குச் சட்டியை இறக்கிவிடுவேன். இறக்கியதும் மாடத்தில் இருக்கும் வெல்லத்தில் ஒரு கட்டி எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன். இதுவும் கம்பெனிப் பழக்கம்தான். அங்கே ஷிப்ட் முடிந்ததும் ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுப்பார்கள். தொண்டையில் படிந்த பஞ்சை அது உள்ளே இறக்கிவிடும் என்பது எங்கள் எல்லோருடைய நம்பிக்கை. அது மருத்துவமா இல்லையா என்று பன்னிரண்டு வருடத்தில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

மகள் இரண்டாம் வகுப்பு. நாலேகாலுக்கு வருவாள்.

வலி முதலில் எப்போதாவது வந்தது. பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். மலம் கழிக்க அழுதாள். பூச்சி மாத்திரை கொடுத்தோம். வெளுத்துப் போகிறாளே என்று பேரீச்சம்பழம் கொடுத்தோம். வகுப்பில் தூங்கிவிடுகிறாள் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். போன வருடம் தடதடவென்று ஒப்பித்த வாய்ப்பாட்டில் ஏழாம் வாய்ப்பாடு நடுவில் நின்றுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. யாரோ ஏதோ கொடுக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண் திருநெல்வேலிப் பக்கம். கணவன் இல்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. குழந்தை கிடையாது. குழந்தை இல்லாதவள் அடுத்தவர் குழந்தைக்கு ஏன் இத்தனை தின்பண்டம் கொடுக்கிறாள் என்று என் மூளை கேட்டது. படித்த மூளைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கையில் மிட்டாயோடு உள்ளே வந்தாள். நான் அதைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"ஏனுங்க, இனிமே எம்பிள்ளைக்கு ஒண்ணும் குடுக்காதீங்க."

"ஏண்ணே, என்னாச்சு?"

"நீங்க குடுக்கறதத் தின்னுட்டுத்தான் வயித்த வலிங்குது."

துவைத்த துணியை உதறிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "இந்தா, அதே பொட்டலத்துல நானுந்தான் திங்கேன். எனக்கு ஒண்ணும் செய்யலியே. நான் என்ன, பிள்ளைக்கு வெசமா வச்சிருக்கேன்?"

"அதை நீங்கதான் சொல்லோணும்."

"நல்லாப் பேசுதிய." அவள் என் கையிலிருந்த மிட்டாயை வாங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றுகொண்டே சொன்னாள்: "பிள்ள எலும்பும் தோலுமாக் கெடக்கு. என்கூட மல்லுக்கு நிக்க நேரத்துக்கு டாக்டரப் போயிப் பாருங்க. அப்புறம், அந்தக் கரி அடுப்ப வேற எங்கயாவது வையிங்க. காயப்போட்ட துணியெல்லாம் சாம்பலா வருது."

அவள் சொன்னதில் இரண்டாவது பாதிதான் எனக்குக் கேட்டது. அதிகாரிகளுக்கு எழுதிப்போடுவாளோ என்று பயந்து நாலு நாள் சட்டியை ஏற்றவில்லை.

ஐந்தாம் நாள் ஏற்றினேன். அதற்கடுத்த வாரம் மகள் பள்ளியில் வாந்தி எடுத்து மயங்கி விழுந்தாள். உள்ளூர் டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, சிவப்பணுக்களில் புள்ளி புள்ளியாக ஏதோ இருக்கிறது, கோயம்புத்தூர் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. குழந்தைகள் டாக்டர் இளம்பெண். இரண்டு நாள் கழித்து ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார். எதிரே நானும் மனைவியும். மனைவியின் மடியில் மகள்.

"ரத்தத்தில ஈயம் இருக்கு. நிறைய இருக்கு. இது எங்கிருந்து போகுதுன்னு தெரிஞ்சா மட்டும்தான் குறைக்க முடியும். வீட்ல யாராவது பேட்டரி வேலை பாக்கறீங்களா?"

"இல்லீங்க," என்றேன்.

"பெயின்ட்? பழைய இரும்பு? ஏதாவது உருக்கற வேலை?"

"இல்லீங்க டாக்டர். பக்கத்து ஊட்டம்மா ஏதோ ஊரு மிட்டாய் குடுக்குதுங்க. அதுல ஏதாச்சும் இருக்குங்களோ என்னமோ."

அந்த அறையில் நான் சொன்னது அதுதான். ஈயம் என்ற சொல்லைக் கேட்ட பிறகும் சொன்னேன். இவர் யாருக்காவது தகவல் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியது. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்து மகளிடம் குனிந்தார். "பாப்பா, ஸ்கூல் விட்டு வந்ததும் என்ன சாப்பிடுவே?"

"வெல்லம்."

"யார் தருவா?"

"அப்பா. அப்பா பாதி கடிச்சுக்குவாரு, எனக்குப் பாதி தருவாரு. கறுப்பா இருக்கும். நான் நக்கிட்டு அப்புறம் கடிப்பேன்."

"வெல்லம் ஏன் கறுப்பா இருக்கு?"

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பா கையி எப்பவுமே அப்படித்தானுங்க."

டாக்டர் என்னிடம் எதுவும் கேட்காமல் மேசைமேல் தன் உள்ளங்கையை விரித்து வைத்தார், என் கையையும் அப்படி வைக்கச் சொல்வது போல. வைத்தேன். இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு பஸ் ஏறியிருந்தேன். ரேகைகளிலும் நகக்கண்ணிலும் சாம்பல் நிறம் அப்படியே இருந்தது. வெளியே வராண்டாவில் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பின்கட்டுல ஈயம் காச்சறேனுங்க," என்றேன். "ரெண்டு வருசமா."

அவர் திட்டவில்லை. யாருக்கும் போன் செய்யவில்லை. எழுத ஆரம்பித்தார். எத்தனை நாளைக்கு ஒருமுறை, கசடை எங்கே கொட்டுவேன், வேலைத் துணியை எதனோடு சேர்த்துத் துவைப்பார்கள், பிள்ளை எங்கே விளையாடுவாள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல, அந்தப் பதில்கள் எல்லாமே எனக்கு முன்பே தெரிந்தவை என்பது புரிந்தது. கசடு கொட்டிய சுவரோரத்தில்தான் அவள் செப்புச் சாமான் வைத்துச் சோறாக்கி விளையாடினாள். அந்தச் சாம்பலைத்தான் அவள் மாவு என்று சலிப்பாள். ஈயம் நஞ்சு என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனாலும் அதைப் பஞ்சைப் போல நினைத்துவிட்டேன். துணி கட்டினால் நிற்கும், வெல்லம் தின்றால் இறங்கும்.

திரும்பும் பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அந்தக்கா எத்தனை தடவை கேட்டுச்சு, அது என்ன பொகைன்னு. கரி அடுப்புன்னு சொன்னேன். நீங்க சொல்லச் சொன்னீங்க, அதான் சொன்னேன்."

நாங்கள் இருவரும் மாறி மாறி உடனிருக்க, மகள் ஆஸ்பத்திரியில் தங்கி மருந்து எடுத்துக்கொண்டாள். அதற்குள் நான் வேறு வீடு பார்த்தேன். கடைக்காரர் கொடுத்திருந்த சட்டியை அவரிடமே திருப்பிக் கொடுக்கப் போனபோது, "வெச்சுட்டுப் போங்க, இதக் கேட்டு ஒரு ஆளு சுத்திட்டிருக்கறான்," என்றார். பிள்ளைகுட்டிக்காரனா என்று கேட்டேன். "அதெல்லாம் ஆரு கேட்டா?" என்றார். பக்கத்துப் பட்டறைக்குத் தூக்கிப்போய், கேஸ் கட்டரால் சட்டியை இரண்டாக வெட்டிய பிறகுதான் கொடுத்தேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

பின்கட்டு மண்ணை வெட்டி எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெட்டி மூட்டை கட்டி, மேலே சிமெண்டு போட்டேன். வேலை முடிந்த சாயங்காலம் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றேன். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துத்தான் போயிருந்தேன். அவள் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

முறத்திலிருந்து அவள் நிமிரவில்லை. "ரெண்டு வருசமா அந்தப் பொகையிலதான நானும் கெடந்தேன்," என்றாள்.

"நீங்களும் ஒருக்கா ரத்தம் பாத்துக்கோணுங்க. நான் கூட்டிட்டுப் போறேனுங்க."

"நீங்க ஒண்ணும் கூட்டிட்டுப் போவேண்டாம். எனக்குப் போகத் தெரியும்." ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டுவிட்டு, "பிள்ள சோறு திங்குதா?" என்று கேட்டாள்.

"திங்குதுங்க."

"பாய், தலகாணி, துணிமணி ஒண்ணையும் புது வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாதிய," என்றாள். அவள் மன்னித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கும் தைரியமும் வரவில்லை.

மகளின் ரத்தத்தில் ஈயம் குறைந்தது. வலி நின்றது. சதை பிடித்தாள். கடைசியாகப் போனபோது, படிப்பில் ஏதாவது குறை இருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இவ வேற எப்படி இருந்திருப்பாங்கறதுக்கு நம்மகிட்ட அளவு எதுவும் இல்லையே," என்றார்.

அந்தப் பதிலோடுதான் நான் இத்தனை வருடம் குடித்தனம் நடத்துகிறேன். மகள் சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடினால் பார்க்கிறேன். ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் பார்க்கிறேன். கோபத்தில் கதவை அறைந்தால், இது அவளுடைய கோபமா அல்லது நான் ஊட்டியதா என்று கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். மற்ற பிள்ளைகளும் சாவியைத் தொலைக்கிறார்கள், கதவை அறைகிறார்கள் என்று மனைவி சொல்வாள். நான் தலையாட்டுவேன்.

இப்போது அவள் பிளஸ் டூ. போன மாதம் கணக்குத் தேர்வில் ஃபெயில். விடைத்தாளை என்னிடம் நீட்டினாள். நான் மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. எந்த இடத்தில் நின்றிருக்கிறாள், எதை மறந்திருக்கிறாள் என்று வரி வரியாகப் பார்த்தேன். அவள் என் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நான் படிக்கலை. புத்தகத்தையே தொடலை. வாரம் பூரா கிரிக்கெட் பாத்தேன். அதுக்கும் நீங்கதான் காரணமா இருக்கோணுமா?"

"இல்ல கண்ணு, நான் சும்மா..."

"சும்மா இல்ல. திட்டுங்கப்பா. எல்லா அப்பனும் திட்டற மாதிரி திட்டுங்க."

அவள் கிரிக்கெட் பார்த்தது உண்மைதான். ஒவ்வொரு நாளும் பார்த்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எழுந்து போய் டி.வி.யின் வயரைப் பிடுங்கினேன். பப்ளிக் பரீட்சை முடியும்வரை இதைத் தொட்டால் தோலை உரித்துவிடுவேன் என்று கத்தினேன். பாதியில் குரல் உடைந்துவிட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டாள்.