பெட்டி மூடும் நேரத்துப் பாட்டு

இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டார்களாம். வீடியோக்களைப் போட்டுக் காட்டுகிற அந்தத் தளமும், பாட்டுகளுக்கு உரிமைத்தொகை வசூலிக்கிற அந்த அமைப்பும். கம்பெனி கேன்டீனில் மதியம் சாப்பிட்டுக்கொண்டே போனில் படித்தேன். கோட்டு போட்ட இரண்டு பேர் கை குலுக்கிச் சிரிக்கிற படம். முடக்கி வைத்திருந்த பாட்டுகள் எல்லாம் இனி வழக்கம்போல ஒலிக்கும், இசை ரசிகர்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று கீழே எழுதியிருந்தது. வந்த ஆத்திரத்தில் டிபன் பாக்ஸை அப்படியே மூடிவிட்டேன். இசை ரசிகர்களாம். எங்கள் வீட்டில் இசை ரசிகர் யாரும் இல்லை. அம்மா செத்துப்போயிருந்தாள், தம்பி மஸ்கட்டில் இருந்தான், அவ்வளவுதான்.

அம்மாவும் என்னைப்போல ஷூ கம்பெனிக்காரிதான். ஆம்பூர் பக்கம் ஒரு கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்து, கண்ணில் புரை விழுகிற வரைக்கும் தைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலைக்குக் குளித்து, கஞ்சி போட்ட சேலை கட்டி, சபையின் பாடகர் குழுவில் நிற்பாள். பெரிய குரல் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் நிற்பவள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு, அவளுக்கு ஒரு நொடி பின்னால் பாடுகிற குரல்.

நான் இரண்டாவதோ மூன்றாவதோ படித்துக்கொண்டிருந்தபோது, வேலூரில் கேசட் கடை வைத்திருந்த ஒருவர் கிறிஸ்தவப் பாட்டு கேசட் ஒன்று போட நினைத்தார். கூடப் பாடுவதற்குப் பெண்கள் வேண்டும் என்று எங்கள் சபைக்கு வந்து நாலு பேரைக் கேட்டார். அதில் அம்மா ஒருத்தி. என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனாள். கடைக்குப் பின்னால் ஒரு அறை. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் கோணிப்பை அடித்திருந்தார்கள். மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். நாலு பேரும் வேர்த்து வழிய ஒரே மைக்கின் முன்னால் நின்று பாடினார்கள். ஒரு பாட்டின் மூன்றாவது சரணத்தில் மற்ற மூன்று பேரும் முடித்துவிட, அம்மாவின் குரல் மட்டும் கொஞ்சம் நீண்டுவிட்டது. திரும்பப் பாடலாமா என்று அம்மா கேட்டாள். "வேணாம்மா, டேப் கம்மியா இருக்குது, இதுவே இருக்கட்டும்" என்றார் கடைக்காரர்.

கேசட் அட்டையில் பாடகரின் பெயர் பெரிதாகவும், கீழே பொடி எழுத்தில் "மற்றும் குழுவினர்" என்றும் போட்டிருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா அந்த அட்டையை எடுத்துக் காட்டுவாள். "இந்தக் குழுவினர்ல நானும் ஒரு ஆளு. மூணாவது சரணத்துல எல்லாரும் முடிச்சப்புறம் வால் மாதிரி ஒண்ணு நீட்டிக்கினு இருக்கும் பாரு, அது நான்தான்."

அந்த ஒரு பாட்டு மட்டும் எப்படியோ எங்கள் பக்கம் சாவு வீடுகளில் ஒட்டிக்கொண்டது. பரலோகத்தில் சந்திப்போம் என்கிற மாதிரியான பாட்டு. கடைசியாக முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று போதகர் சொன்னதும் ஸ்பீக்கரில் அதைப் போடுவார்கள். அது முடியும்போது பெட்டியை மூடுவார்கள். யார் வீட்டுச் சாவாக இருந்தாலும், மூன்றாவது சரணம் வரும்போது அழுதுகொண்டிருக்கிற அம்மா முழங்கையால் என்னை ஒரு இடி இடிப்பாள். எனக்குச் சிரிப்பும் வரும், மானமும் போகும்.

"என் பெட்டிய மூடச் சொல்லோ சபைல யாரும் பாட வேணாம்" என்று பலமுறை சொல்லியிருக்கிறாள். "அதையே போட்டு உடுங்க. எனக்கு நானே பாடிக்கினு போய்ட்றேன்."

இதற்கிடையில் வேலூர் கேசட் கடை மூடியாயிற்று. கடைக்காரர் தன் பாட்டுகளையெல்லாம் சென்னையில் ஒருவருக்கு விற்றார். அவரிடமிருந்து பெரிய கம்பெனி ஒன்று வாங்கியது. அந்தக் கம்பெனி உரிமைத்தொகை வசூலிக்கிற அமைப்பில் சேர்ந்தது. இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. எனக்கே அவள் போன பிறகு விசாரித்துத்தான் தெரியும். கை மாறிய ஒவ்வொரு தடவையும் அந்தப் பாட்டோடு சேர்ந்து அம்மாவின் அந்த நீட்டலும் கை மாறியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அம்மா இறந்ததும் தம்பிக்குச் சொன்னேன். அவன் மஸ்கட்டில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. முதலாளி ஊரில் இல்லை. எத்தனை நாள் காத்திருந்தாலும் அவனால் வர முடியாது என்று மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலமே அடக்கம் என்று முடிவு செய்தோம்.

"லைவ் போட்டுடு அக்கா" என்று குரல் மெசேஜ் அனுப்பினான். எங்கள் பக்கம் இது இப்போது வழக்கமாகிவிட்டது. வீட்டுக்கு ஒருவர் நர்ஸாகவோ டிரைவராகவோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். பந்தல்காரனுக்குச் சொல்லும்போதே லைவ் போடுகிற வீடியோக்காரருக்கும் சொல்லிவிடுகிறோம். லிங்க் சபை வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும். தம்பி இருக்கிற ஊரில் வாட்ஸ்அப்பில் மெசேஜ்தான் போகும், கால் போகாது. அதனால் அவனே ஒரு ஏற்பாடு சொன்னான். "பெட்டி மூடறதுக்கு முன்னாடி கேமராவ அம்மா முகத்துகிட்ட காட்டச் சொல்லு. முகத்தப் பாத்துக்கினே அம்மாகிட்ட பேசி அனுப்புறேன். வந்தவுடனே அம்மா காதுல வச்சி போடு. நீ கேக்காத அக்கா."

நான் கேட்கமாட்டேன் என்று சொன்னேன். அம்மாவிடம் அவன் என்ன சொல்லப்போகிறானோ, அது அவர்கள் இரண்டு பேருக்கும் உள்ளது.

லைவ் ஓடுகிற இந்தத் தளத்துக்கும் உரிமைத்தொகை வசூலிக்கிற அந்த அமைப்புக்கும் இருந்த பழைய ஒப்பந்தம் முடிந்து, புதியதற்கு விலை படியவில்லை என்று முந்தின வாரமே செய்தி வந்திருந்தது. நானும் படித்தேன். சினிமாப் பாட்டு சமாச்சாரம், பணக்காரர்கள் அடித்துக்கொள்கிறார்கள் என்று தள்ளிவிட்டுப் போய்விட்டேன். வீடியோக்காரர் அதைக்கூடப் படித்திருக்கவில்லை. போன மாதம்தான் வாலாஜாபேட்டையில் ஒரு அடக்கத்துக்கு இதே பாட்டோடு லைவ் போட்டு, ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியதாம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜெபம் முடிந்தது. முகம் பார்க்கிறவர்கள் பார்க்கலாம் என்றார் போதகர். வீடியோக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் முகத்துக்கு அருகே வந்தார். ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பித்தது. நான் பெட்டியின் தலைமாட்டில் மண்டியிட்டு, போனைக் கையில் பிடித்தபடி தம்பியின் மெசேஜுக்காகக் காத்திருந்தேன். அம்மாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துப் பார்த்துப் போனார்கள். பாட்டின் சத்தமும் அழுகைச் சத்தமும் சேர்ந்து பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்கவில்லை.

இரண்டாவது சரணத்தில் மெசேஜ் வந்தது. கேட்கமாட்டேன் என்று சொன்னபடி, போனை அம்மாவின் காதோடு ஒட்டி வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு போட்டேன். சட்டென்று முடிந்துவிட்டது. பாவம், அழுகை வந்து பேச முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த மெசேஜ் வந்தது. அதையும் அப்படியே வைத்தேன். அதுவும் சின்னதுதான். மூன்றாவது சரணம் வந்தது. எல்லோரும் முடித்த பிறகு அம்மா மட்டும் ஸ்பீக்கரில் நீட்டிக்கொண்டு போனாள். என்னை இடிக்க ஆள் இல்லை. பாட்டு முடிந்ததும் பெட்டியை மூடினார்கள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியபோது வீடியோக்காரர் வாசலில் நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. தன் போனை நீட்டினார். பிறருக்குச் சொந்தமான இசை இருந்ததால் உங்கள் நேரலை இடையில் மறைக்கப்பட்டது என்று தளத்திலிருந்து வந்திருந்தது. பாட்டு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் படம் போய், வெறும் அறிவிப்பு அட்டை ஒன்று மட்டும் நின்றிருக்கிறது. பாட்டு நின்ற பிறகுதான் படம் திரும்ப வந்திருக்கிறது. அப்போது கேமராவில் தெரிந்தது மூடின பெட்டி.

"கேமராவதான் பாத்துக்கினு இருந்தேன் மேடம், லைவ பாக்கல" என்றார். "மெமரி கார்டுல முழுசா இருக்குது. அனுப்பி உடலாம்."

பிறருக்குச் சொந்தமான இசை. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எந்தப் பிறருக்கு? கோணிப்பை அறையில் என் தாய் வேர்க்க வேர்க்க நின்று பாடியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவளுக்குப் பங்கு கொடுங்கள் என்று எவனிடமும் யாரும் கேட்கவில்லை. அவள் சாவில் அவள் குரலைப் போட்டதற்கு, அவள் முகத்தை அவள் பிள்ளையிடமிருந்து மறைத்துவிட்டார்கள். நான் நடுவாசலில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை, யாரோ பிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தம்பி போன் செய்தான். அவன் போனில் பேச ரீசார்ஜ் இல்லை. கூடத் தங்கியிருப்பவன் வேலை முடிந்து வந்த பிறகு, அவன் போனை வாங்கிப் பேசினான். எடுத்ததும் அவன் அழவில்லை. குரல் கல்லாக இருந்தது.

"கேட்டியா அக்கா?"

"எதடா?"

"நான் அனுப்பனதத்தான். மெசேஜ் பக்கத்துல இருக்கற மைக் நீலமாயிடுச்சி, போட்டு கேட்டாதான் அது நீலமாவும். அப்பவே கேட்டிருக்க. கேட்டுட்டும் இன்னாத்துக்கு அக்கா மூடுனீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரு என்று சொல்லிவிட்டு, அவன் மெசேஜ்களைத் தேடி முதல் முறையாகப் போட்டுக் கேட்டேன். முதலாவது: "அக்கா, படம் வரல. பாட்ட நிறுத்தச் சொல்லு." இரண்டாவது கத்தல்: "அக்கா, பாட்ட நிறுத்து. பெட்டிய மூடாத. நான் இன்னும் பாக்கல."

போனின் அந்தப் பக்கம் அவன் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் இரண்டே வழிதான் இருந்தது. கேட்டும் கேட்காததுபோல அவன் தாயை மூடிய பாவி என்று அவன் என்னை நினைத்துக்கொள்ளட்டும் என்று விடலாம். அல்லது நடந்ததைச் சொல்லலாம். கொஞ்ச நேரம் முதல் வழிதான் நல்லது என்றுகூடத் தோன்றியது. ஆனால் அவனோடு பேச்சு அறுந்துபோனால் எனக்கு அப்புறம் யார் இருக்கிறார்கள்?

"நான் கேக்கலடா" என்றேன். "நீ சொன்ன மாதிரியே அம்மா காதுல வச்சேன். ரெண்டையும். நான் கேக்கவே இல்ல."

"ரெண்டையுமா?" என்றான். அவனுக்குப் புரிகிறது என்று எனக்குப் புரிந்தது. அம்மாவிடம் சொல்ல அவன் என்னென்ன சேர்த்து வைத்திருந்தானோ தெரியாது, இன்றுவரை நான் கேட்டதில்லை. வீடியோக்காரர் அனுப்பிய முழுப் படத்தையும் அவன் இன்னும் திறக்கவில்லை. அப்போதே பார்த்திருந்தால்தான் பார்த்ததாகும் என்கிறான்.

"அப்போ பாட்ட நிறுத்துன்னு நான் கத்துனது" என்று கடைசியில் கேட்டான், சின்னப் பையன் குரலில். "அது அம்மாக்குத்தான் கேட்டுச்சா?"

"ஆமாண்டா" என்றேன். "அம்மாக்கு மட்டும்தான் கேட்டுச்சி."