பெண் பார்க்கப் போன பற்கள்

கிள்ளானில் ஒரு பல் கிளினிக்கில் இருபத்திரண்டு ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன்; வருகிறவர்கள் என்னை 'மிஸி' என்பார்கள். நோயாளிக்குச் சொல்ல வேண்டியதை மருந்து உறையிலேயே அச்சுப்போல எழுதிக் கொடுப்பது என் வழக்கம். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. அந்தப் பெருமை ஒரு சனிக்கிழமை காலை 9.05 வரை நீடித்தது.

கதவைத் திறந்தபோது வாசலில் நால்வர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். லோரி ஓட்டுநர் குணசேகரன், மனைவி சாந்தி, மகன் தினேஷ், மகள் கவிதா. புதன்கிழமைதான் குடும்பத்தோடு வந்து பல்லைக் காட்டிவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் ஈறில் ரத்தம் கசிந்தது. சரியாகத் துலக்காத இடத்தைக் காட்டிக்கொடுக்கும் மாத்திரை, ஆளுக்கு ஒன்று, கொடுத்தனுப்பியிருந்தேன்.

சாந்தி கையை எடுத்தார். பல், நாக்கு, உதடு எல்லாம் ரோஸ் சிராப் குடித்ததுபோல் ஒரே சிவப்பு.

"மிஸி, பதினோரு மணிக்கு ஜெஞ்சாரோம்ல இருக்கணும். இவனுக்குப் பொண்ணு பார்க்கப் போறோம்!"

"அதுக்கு இன்னிக்கா போட்டீங்க?"

"பல்லு பளிச்சுன்னு ஆயிடும்னு நெனச்சேன் லா. அதான் மூணு நாளா பத்திரமா வெச்சிருந்தேன்."

குணசேகரன் உறையை நீட்டினார். 'மெல்லவும். அரை நிமிடம் வாயில் சுழற்றவும். கொப்பளிக்கவும். கண்ணாடியில் பார்க்கவும்.' என் எழுத்தேதான்.

"பார்த்தோம் மிஸி. பார்த்ததும் ஓடி வந்தோம்."

வாய் சிவக்கும் என்று நான் எழுதவே இல்லை.

டாக்டர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "மாத்திரை ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கு. அழுக்கு இருக்கிற எடத்துலதான் சாயம் பல்லுல ஒட்டும். துலக்கினா போயிடும்."

"துலக்கிட்டோம் டாக்டர்!"

"செவப்பு இருக்கே. அப்ப துலக்கல."

நால்வரையும் புது பிரஷ்ஷோடு வரிசையில் நிறுத்தினேன். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் பிரஷைச் சாய்த்து வைத்து, மெதுவாக அசைக்கச் சொன்னேன். குணசேகரன் வலது பக்கத்தைத் தொட்டே ஒரு வருஷமாம்.

"ரத்தம் வருதேன்னு விட்டுட்டேன்."

"விட்டதாலதான் அண்ணே வருது."

உடனே இரண்டு கையாலும் தேய்க்க ஆரம்பித்தார்.

"அப்பா, என்ன, லோரி கழுவுறீங்களா?" என்றாள் கவிதா.

மாப்பிள்ளையின் முன்பற்களை டாக்டரே பாலிஷ் போட்டார். 10.10க்குக் கிளம்பினார்கள். நால்வருக்கும் பல் வெள்ளை. நாக்கு மட்டும் மசியவில்லை.

திங்கட்கிழமை சாந்தி தனியாக வந்தார்.

"என்னக்கா ஆச்சு?"

"கேசரி சாப்பிட வாயத் தொறந்தான். பொண்ணு நாக்கப் பார்த்திடுச்சு. இவன் எல்லாத்தையும் ஒளறிட்டான்."

"ஐயோ."

"விழுந்து விழுந்து சிரிச்சிச்சு மிஸி. சம்மதம் சொல்லிட்டாங்க. அவங்க வீட்டுக்கும் அஞ்சு மாத்திரை வேணுமாம்."

எப்படிச் செய்வது என்பதற்கு முன்னால், செய்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இத்தனை வருஷ வேலையில் இதை அன்றுதான் கற்றேன். புது உறையை எடுத்து, முதல் வரியிலேயே எழுதினேன்: 'வாய் முழுதும் சிவக்கும். விசேஷத்துக்குக் கிளம்பும் நாளில் போடக் கூடாது.'