தழும்பு இருந்த பக்கம்

ஜெலாப்பாங்கில் பார்த்த தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பேச ஆளில்லாமல் போயிற்று. நான் தனிக்கட்டை. எத்தனை நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்வது? கைப்பேசியில் காணொளி பார்த்து, எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையக் கற்றுக்கொண்டேன். காணொளிக்காரர் முதலில் ஆப்பிளை வரையச் சொன்னார். எனக்கு அம்மாதான் வேண்டியிருந்தது.

வீட்டில் அம்மாவின் படம் ஒன்றே ஒன்றுதான். கருமாதிக்காக, அடையாள அட்டையில் இருந்த முகத்தை ஈப்போ ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கியது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக் கறுத்த அம்மாவுக்கு அதில் சிவந்த நிறம், பட்டுச்சேலை, கழுத்தில் அட்டிகை. நம் வீடுகளில் செத்த பிறகுதான் எல்லாரும் சிவப்பாகிறோம்.

அதை அச்சு அசலாக வரைய மூன்று மாதம் பிடித்தது. முதலில் பழுப்பில் நிழல்கள். அது காய்ந்ததும் மேலே மெல்லிய நிறங்கள். கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தேன், அம்மா என்னைப் பார்த்தாள். வாய்விட்டு அழுதேன். காட்டத்தான் ஆளில்லை.

கோப்பெங்கில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டேன். வந்து வெகுநேரம் பார்த்தாள்.

“நல்லாதான் இருக்கு தம்பி. தழும்பு எங்க?”

ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் தெறித்து அம்மாவின் புருவத்துக்கு மேல் விழுந்த தழும்பு அது. அதை எடுத்துவிடுங்கள் என்று ஸ்டூடியோக்காரரிடம் சொன்னவனே நான்தான். வருகிறவர்கள் பார்ப்பார்களே என்ற வெட்கம். பிறகு அந்தப் படத்துக்கே தினமும் விளக்கேற்றி, தழும்பை நானும் மறந்துபோனேன்.

இடது புருவம் என்றாள் அக்கா. வலது என்றேன் நான். அம்மாவின் அடையாள அட்டையைக் கருமாதி முடிந்ததுமே பதிவு அலுவலகத்தில் ஒப்படைத்தாயிற்று. ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். அம்மாவோடு வேலை செய்தவர்களிலும் யாரும் மிச்சமில்லை. வேறு யாரைக் கேட்பது என்ற ஆத்திரத்தில், உனக்கு ஒன்றும் தெரியாது என்று அக்காவிடம் எரிந்து விழுந்தேன்.

அவள் பதிலுக்குச் சண்டை போடவில்லை. பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“சரி, விடுலா. என்னையாச்சும் இப்பவே நல்லா பாத்து வச்சுக்க.”

அவள் போன பிறகு மனசு கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன், அக்காவை வரைந்து கொடுக்கலாம் என்று புதுக் கேன்வாஸின் முன் உட்கார்ந்தேன். நெற்றி வந்தது, தாடை வந்தது. மூக்குத்தி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.