ரவுண்டானாவில் மூன்று சுற்று

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் திருவண்ணாமலையில் டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். மலை சுற்றும் பாதையில், வெளியூர்ச் சாலை இடதுபுறம் பிரியும் கூட்ரோட்டில், ஒருநாள் தார் டிரம்களில் மண் நிரப்பி, சுண்ணாம்பு பூசி, நடுவில் வட்டமாக வைத்து, இனி இது ரவுண்டானா என்றார்கள். அதுவரை கையைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த எங்களுக்கு அது பெரிய ரோதனை. எனக்கோ எப்போதும் மூக்குக்கு மேல் கோபம்.

எங்களைவிட நடப்பவர்களுக்குத்தான் ஆபத்து. மலை சுற்றுபவர்கள் சாலையின் இடது ஓரமாகவே நடப்பார்கள். மலையை ஒட்டிய வலது ஓரம் சித்தர்கள் நடக்கும் வழி என்று நம்பிக்கை. வட்டத்தை விட்டு இடதுபக்கம் வெளியேறும் வண்டி, அவர்களுக்குப் பின்னாலிருந்து வந்து அவர்களுக்கே குறுக்கே போக வேண்டும்.

பௌர்ணமி தவறாமல் என் மனைவியும் சுற்றுவாள். அவளுக்கு வலது காது கேட்காது; இடது காதும் மந்தம்தான்.

"எதிர்ல வர்ற வண்டி தெரியிற மாதிரி வலது பக்கமா நடந்தா என்னா?" என்று கத்துவேன்.

"சித்தருங்க மேல இடிச்சிக்கினு போவச் சொல்றீங்களா?" என்பாள்.

ஒரு பௌர்ணமி மாலை. நேரமாகிவிட்ட அவசரத்தில் ஹாரனை அழுத்தியபடியே ரவுண்டானாவிலிருந்து இடதுபக்கம் ஒடித்தேன். கூட்டம் விலகியது. ஒருத்தி மட்டும் திரும்பவே இல்லை. பிரேக்கில் ஏறி நின்றேன். அவள் முதுகுக்கும் பஸ்ஸுக்கும் ஒரு முழம்தான் இருந்தது. புடவையைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. பக்கத்தில் வந்தவர்கள் அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். கண்ணாடியில் வெயில் அடித்ததால் உள்ளே இருந்தது யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் சோறு போடும்போது சொன்னாள்: "எவனோ ஒரு டிரைவரு, இடிச்சே இருப்பான். நீங்களா இருந்தா நிதானமா வந்திருப்பீங்க."

பாதிச் சோற்றிலேயே எழுந்து கை கழுவினேன்.

அதன்பிறகு பௌர்ணமி அன்று, நடப்பவர்கள் இடைவெளி விடும்வரை வெளியேறாமல் ரவுண்டானாவையே சுற்றிக்கொண்டிருப்பேன். இரண்டு சுற்று, சில நேரம் மூன்று. பயணிகள் அதைப் பிரதட்சணம் என்று நினைத்துவிட்டார்கள். டிரம்களைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள்கூட உண்டு. பேச்சு வீடுவரை வந்தது.

"பஸ்ஸோட மூணு சுத்து சுத்துறீங்களாமே! எப்பலேர்ந்து இவ்ளோ பக்தி?" என்று கேட்டாள். முகமெல்லாம் பெருமை.

"எல்லாம் உன் சகவாசம்தான்" என்றேன். அன்றைக்கு உன்னை இடிக்க வந்தவன் நான்தான் என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.