என்ன மெசின்ணா?

"பேத்திக்கு மூக்கு மட்டும் அவங்க அம்மாயி மாதிரிங்க. மத்ததெல்லாம் மாப்பிள்ளை வீட்டுச் சாடைதான்" என்றார் சென்னப்பன்.

கடைக்கார லிங்கம்மா ஒன்றும் கேட்கவில்லை. பால் பாக்கெட்டை எடுத்து வைத்தவள் "ஹௌதா, சந்தோஷ" என்று, அப்படியா, சந்தோஷம் என்பதைக் கன்னடத்தில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள். சென்னப்பன் போட்டோவைக் காட்ட எடுத்த போனை மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மைசூர் விஜயநகரில் இருக்கும் தன் மாடி அறைக்கு ஏறிப் போனார்.

கொள்ளேகால் பக்கத்துக்காரர். மைசூரில் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் மெசின் மெக்கானிக்காக இருந்து ஓய்வானவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்கும். தாயே இல்லாத வீட்டுக்கு எப்படி அனுப்புவது என்று சம்பந்தி வீட்டில் மகள் ஜோதிமணியைப் பெருந்துறையிலேயே வைத்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. பேத்தி பிறந்ததும் சென்னப்பன் போய்ப் பார்த்துவிட்டு மறுநாளே திரும்பினார். போன் போட்டால் ஜோதிமணி, "தூங்குதுப்பா, அப்புறம் பேசறேன்" என்று குரலை இறக்கிச் சொல்லி வைத்துவிடுவாள்.

மிச்சமிருந்தது போனில் ஒரு குரூப். திருப்பூர், ஈரோடு, பெங்களூர் என்று பல ஊர்த் தையல் மெசின் ஆட்கள் சேர்ந்தது. நடத்துவது திருப்பூர் உமாதேவி. அதில் வயசு பார்ப்பதில்லை, எல்லாரும் அண்ணன், அக்கா. ஆனால் காலை வணக்கப் படம், சொந்தக் கதை ஆகாது. கேட்கிறவர் என்ன மெசின், என்ன துணி, என்ன கோளாறு, என்ன செய்து பார்த்தோம் என்று முழுசாக எழுத வேண்டும்.

முதலில் சென்னப்பனும் அப்படித்தான் எழுதினார். "ஊசியை மாத்துங்கண்ணா" என்று ஒரே பதில் வரும். அத்தோடு முடிந்தது. ஒருநாள் மெசின் பெயரை எழுத மறந்துவிட்டார். அன்று ஆளாளுக்கு வந்து கேட்டார்கள். என்ன மெசின்ணா, எத்தனை நூல், எண்ணெய் விட்டீங்களா என்று போன் கையில் துடித்துக்கொண்டே இருந்தது. சோறு வைக்கக்கூட மறந்துபோனார்.

அதிலிருந்து வேண்டுமென்றே எதையாவது விட்டுவிட்டு எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு விவரமாக, ஊட்டுவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார். இத்தனைக்கும் வீட்டில் இருந்தது மனைவியின் மெசின் ஒன்றுதான். அதில் ஒரு கோளாறும் இல்லை.

போன வாரமும், "நூல் அறுந்து போகுதுங்க, என்னமோ சத்தம் வருது" என்று மட்டும் போட்டார். கௌதள்ளியிலிருந்து சோனியா என்ற பெண் பதில் போட்டாள். வீட்டிலேயே பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிறவள். அவருடையதும் தன்னுடையதைப் போலத் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெசின்தான் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். அவருக்குப் படம் எடுத்து அனுப்புவதற்காகத் தன் மெசினையே பிரித்துவிட்டாள். உள்ளே நூலைக் கோத்து வாங்கும் லூப்பர் இடம் அசைந்துவிட்டது. திருப்பி வைக்கத் தெரியவில்லை. பள்ளி திறக்கிற நேரம், யூனிபார்ம் அப்படியே நின்றது.

நேற்று உமாதேவி குரூப்பில் பொதுவிலேயே எழுதினாள்: "சென்னப்பண்ணா, நீங்க அரைகுறையா கேட்டதுல ஒரு புள்ளையோட பொழப்பு நின்னுருச்சு. உங்க மெசின் என்னன்னு நாளைக்குக் காலைல சொல்லுங்க. இல்லீன்னா குரூப்ல இருந்து எடுத்துருவேன்."

ஏதாவது ஒரு மெசின் பெயரைச் சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

ஆனால் அவர் முதலில் சோனியாவுக்குத்தான் எழுதினார். இந்த முறை ஒன்றையும் விடவில்லை. எந்தத் திருகாணியைத் தளர்த்துவது, சக்கரத்தைக் கையால் எந்தப் பக்கம் சுற்றுவது, ஊசி கீழே போய் மேலேறத் தொடங்கும்போது லூப்பர் முனை அதன் பின்னால் உரசாமல் போகிறதா என்று எப்படிப் பார்ப்பது, எப்போது இறுக்குவது என்று வரிசையாக எழுதினார். படித்துப் பார்த்துக் குழப்பமான இடத்தைத் திருத்தி மறுபடி எழுதினார்.

அவள் எதுவும் திருப்பிக் கேட்கவில்லை, கேட்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. பொழுது சாயும்போது, "சரியாயிருச்சுண்ணா" என்று மட்டும் வந்தது. அதற்குப் பிறகு போன் சும்மா கிடந்தது.

இன்று காலை உமாதேவியே கூப்பிட்டாள். என்ன மெசின் என்று கேட்டாள்.

சென்னப்பன் சொன்னார்: "எம்பட மெசின் நல்லாத்தான் ஓடுதுங்க அம்மிணி. பேத்தி பொறந்திருக்குது. ஊட்ல பேச ஆளில்லீங்க. நாலு பேரு திருப்பிக் கேக்கட்டும்னுதான் பாதி பாதியா எழுதுனேன். எடுக்கறதுன்னா எடுத்துருங்க. அந்தச் சோனியா புள்ளைகிட்ட மட்டும் இதை நானே சொல்லிக்கறேன்."